நேர் விமானமா, இறங்கி ஏறும் விமானமா?

துவரம்பருப்புக்கு அகோலா, மிளகாய்க்குக் குண்டூர், மஞ்சளுக்கு ஈரோடு என்று ரயில் ஏறிப் போய்ச் சரக்குப் பார்த்து வந்த தலைமுறை எங்களுடையது. இன்று நமது சங்க உறுப்பினர்களில் பலர் துபாயில் நடக்கும் கல்ஃபுட், பாரிஸில் நடக்கும் சியால், ஜெர்மனியின் கொலோன் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் நடக்கும் அனுகா என்று உணவுப்பொருள் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறார்கள். போகாதவர்களுக்கும் அமெரிக்காவில் மகள் பிரசவம், லண்டனில் மகன் பட்டமளிப்பு என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடுகிறது.

இப்படிப் போகிறவர்கள் கீழமாசி வீதியில் எங்கள் கடைக்கு வந்து முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, நேரா போற பிளைட்டுல போடவா, இறங்கி ஏறுறதுல போடவா? ஆளுக்குப் பதினைஞ்சு இருபதாயிரம் மிச்சமாகுதே?"

மிச்சமாவது உண்மை. நாங்களும் அந்த மிச்சத்தைப் பார்த்து ஒருமுறை போனோம். அந்தக் கணக்கை அப்படியே எழுதிவிடுகிறோம்.

2019 அக்டோபர் 5, சனிக்கிழமை அனுகா ஆரம்பம். நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நாங்கள், எங்கள் மைத்துனர், பக்கத்துக் கடைப் பெரியவர் அண்ணாச்சி. கண்காட்சியில் கடை போடவில்லை, பார்வையாளர்களாகத்தான் போனோம். ஆனால் சும்மா சுற்றிப் பார்க்கவும் போகவில்லை. ஜெர்மனியில் இலங்கைத் தமிழர் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் மொத்த வியாபாரி ஒருவரோடு ஆறு மாதமாகத் தொலைபேசியில் பேசி வைத்திருந்தோம். அப்பளம், சுக்குக் காப்பிப் பொடி, பனங்கற்கண்டு மூன்றும் சேர்த்து இருபது அடிக் கன்டெய்னர் ஒன்று. மாதிரியைக் கையில் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். மதியத்துக்குமேல் அவருக்கு வேறு ஆட்களோடு பேச்சு.

சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானம் இருந்தது. வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, வேறு விமானம் ஏறி டுசல்டார்ஃப் போகும் வழியும் இருந்தது. டுசல்டார்ஃபிலிருந்து கொலோன் பக்கம்தான். இரண்டாவது வழியில் ஆளுக்கு 16,500 ரூபாய் குறைவு. மூவருக்கும் 49,500. ஏஜென்ட் தம்பி, "நடுவுல ஒரு மணி பத்து நிமிஷம் இருக்கு, போதும் ஐயா" என்றார். ஒப்புக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சென்னையில் புறப்பட வேண்டிய விமானம் ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதமாகக் கிளம்பியது. வளைகுடாவில் இறங்கி, அங்கே மறுபடியும் சோதனை முடித்து, முழங்கால் வலிக்காரரான அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வாசல் எண்ணைத் தேடிப் போனபோது டுசல்டார்ஃப் விமானம் போய்விட்டது. அன்று மாலை விமானத்தில் இடமில்லை, கண்காட்சிக் கூட்டம். மறுநாள் காலை விமானத்தில்தான் இடம் போட்டுக் கொடுத்தார்கள். டிக்கெட் ஒரே டிக்கெட்டாக இருந்ததால் அதற்குக் காசு கேட்கவில்லை. சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க நாற்காலியில் சாய்ந்து கிடந்தோம்.

சனிக்கிழமை மதியம் டுசல்டார்ஃப் போய்ச் சேர்ந்தோம். பெட்டிகள் சேரவில்லை.

மாதிரிச் சரக்கு அந்தப் பெட்டிகளில். அதைவிடப் பெரிய விஷயம், அண்ணாச்சி தன்னுடைய இன்சுலினையும் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கைப்பையில் இருந்தது ஒரு நாளைக்கு மட்டும். அது வெள்ளியோடு தீர்ந்துபோனது. "மாத்திரைய வச்சு ஓட்டிரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கண்காட்சி வாசலுக்கு வரும்போது உதடு வறண்டு, நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் பார்க்கப் போன வியாபாரியைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்டுபிடித்தோம். "பத்து மணிக்கு வருவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான் ஐயா" என்றார். ஆர்டரை வேறு மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு மதியமே கொடுத்துவிட்டார். அதில் அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாங்களும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, தன் மகனைக் கார் எடுக்கச் சொன்னார். அந்த ஊரில் மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் இன்சுலின் தர மாட்டார்கள். அவசர மருத்துவரிடம் காட்டியபோது சர்க்கரை 380. சீட்டு வாங்கி, முறைப்படி இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடிப் போய் ஊசி போட்டபோது மணி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைப்பு. மருந்துக்கடையிலும் முறைக்கடை மட்டும்தான். அந்தப் பையன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எங்களுக்கு நினைக்கப் பிடிப்பதில்லை.

பெட்டிகள் திங்கட்கிழமை வந்தன. அப்பளம் நொறுங்கி மாவாக இருந்தது.

ஊர் திரும்பியபின் கணக்கு எழுதினோம். தங்காத இரவுக்கு விடுதி வாடகை, மருத்துவர், மருந்து, மாற்றுத் துணி, தவறவிட்ட ரயில் டிக்கெட் எல்லாம் சேர்ந்து 61,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. மிச்சம் பிடித்தது 49,500. போன ஆர்டர் இந்தக் கணக்கில் இல்லை.

இதைப் படித்துவிட்டு, இறங்கி ஏறும் விமானமே கூடாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எங்கள் தவறு எங்கே என்று பார்க்க வேண்டும். அதற்கு நம் தொழிலிலேயே விளக்கம் இருக்கிறது.

குண்டூரில் லோடு ஏற்றி நேரே மதுரையில் இறக்கும் லாரி உண்டு. பார்சல் சர்வீஸில் போட்டால் சென்னைக் குடோனில் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, வேறு வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். பல ஊர்ச் சரக்கு ஒரு குடோனில் சேர்வதால் வண்டி காலியாக ஓடாது, வாடகை குறைகிறது. துபாய், தோஹா, அபுதாபி விமான நிலையங்கள் செய்வதும் இதே குடோன் வேலைதான். சென்னை, கொச்சி, கொழும்பு, டாக்கா ஆட்களையெல்லாம் ஓரிடத்தில் இறக்கி, லண்டன் போகிறவர் இங்கே, டுசல்டார்ஃப் போகிறவர் அங்கே என்று பிரித்து ஏற்றுகிறார்கள். டிக்கெட் விலை குறைவதற்கு இது ஒரு காரணம். நேரே போகிற வசதியை விட்டுக்கொடுத்து வருகிறவரை விலையைக் குறைத்துத்தானே இழுக்க முடியும் என்பது இன்னொன்று.

ஆனால் மாற்றி ஏற்றும் இடத்தில்தான் மூட்டை காணாமல் போகும், கொக்கி பட்டுக் கிழியும் என்பது நமக்குத் தெரியாததா? உலகம் முழுவதும் விமானங்களில் தவறும் பெட்டிகளைக் கணக்கெடுத்து வெளியிடும் சிட்டா நிறுவனமும், தாமதமாகும் பெட்டிகளில் மிகப் பெரிய பங்கு விமானம் மாற்றும் இடத்தில் தவறியவை என்றுதான் சொல்லி வருகிறது. ஆளாவது ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம், பெட்டியால் ஓட முடியாது.

ஆகவே ஏஜென்டிடம் விலையைக் கேட்கும் முன், ஒரு நாள் தாமதமானால் நமக்கு என்ன நஷ்டம் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் குறித்த மணிக்கு ஒருவரைப் பார்க்கப் போகிறோமா, அல்லது மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் போகிறோமா? முன்னதற்கு 16,500 ரூபாய் அதிகமில்லை. பின்னதற்கு அதைக் கொடுப்பது வீண். நாங்கள் முதல் வகைப் பயணத்துக்கு இரண்டாம் வகை டிக்கெட்டை எடுத்தோம். அதிலும் ஒரு மணி பத்து நிமிட இடைவெளியில் எடுத்தோம். அந்த நேரத்துக்குள் மாற முடியும் என்று விமான நிலையமும் நிறுவனமும் ஒப்புக்கொண்டால்தான் அப்படி ஒரு டிக்கெட்டே விற்பனைக்கு வரும். முதல் விமானம் நேரத்துக்கு வந்தால் என்பதுதான் அதில் அடங்கியிருக்கும் சொல்லாத நிபந்தனை. இப்போதெல்லாம் மூன்று மணிக்குக் குறைந்த இடைவெளிக்கு நாங்கள் ஒப்புவதில்லை. முழங்கால் வலிக்காரர் உடன் வந்தால் நாலு மணி.

ஒரே டிக்கெட், இரண்டு டிக்கெட்

இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. முதல் விமானம், இரண்டாம் விமானம் இரண்டும் ஒரே பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊருக்கே டேக் போட்டுவிடுவார்கள். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்கு நம் தாமதத்தைப் பற்றிக் கவலையில்லை. வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள், பணம் போனதுதான். பெட்டியையும் நடுவில் நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் போக வேண்டும், போக விசா வேண்டும். நம் வீதியில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் சீனாவின் கேன்டன் கண்காட்சிக்குப் போக, மலிவு விலை டிக்கெட் இரண்டைத் தானே கம்ப்யூட்டரில் போட்டு, இந்த விசா விஷயம் தெரியாமல் சென்னை கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். கூட வந்திருந்த வழியனுப்பும் கூட்டத்தோடு அதே வேனில் மதுரை திரும்பினார்.

மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சென்னையிலிருந்து நேர் விமானம் என்று நாம் சொல்வது, நம் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் நேர் அல்ல. மதுரையிலிருந்து சென்னை போகும் ரயிலும் ஓர் இணைப்புத்தான், அதுவும் தனி டிக்கெட்! ரயில் மூன்று மணி நேரம் தாமதம் என்று ஃபிராங்க்பர்ட் விமானத்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். நாங்கள் இப்போது காலை வைகையில் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்கி, உறவினர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து நள்ளிரவு விமானத்துக்குப் போகிறோம்.

'நேர்' என்ற சொல்லையும் நம்பிவிடக் கூடாது. ஒரே விமான எண்ணில் போவதை டைரக்ட் என்பார்கள், அது வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். எங்கும் இறங்காததற்கு நான்-ஸ்டாப் என்று பெயர். ஏஜென்டிடம் இந்தச் சொல்லைச் சொல்லியே கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபின், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில வழி சுற்றிப்போய், வியன்னாவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பின. பணம் கொடுத்தது நேர் விமானத்துக்கு.

நேர் விமானத்துக்கும் பலவீனம் உண்டு. சென்னையிலிருந்து ஓர் ஐரோப்பிய நகரத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் நேர் விமானம் இருப்பது அரிது. அது ரத்தானால் அடுத்த நாள்தான். 2024 பிப்ரவரி, மார்ச்சில் லுஃப்தான்சா தரைப்பணியாளர்கள் ஜெர்மனியில் வேலைநிறுத்தம் செய்தபோது இது தெரிந்தது. பெரிய மாற்று நிலையத்தில் ஒன்று போனால் மற்றொன்று இருக்கும். ஆனால் அந்த நிலையமே முடங்கினால் எல்லாம் முடங்கும். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி துபாயில் கொட்டிய மழையில் ஓடுபாதையிலேயே தண்ணீர் நின்று, இறங்கி ஏற வந்தவர்கள் நாள்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். 2025 ஜூன் 23-ஆம் தேதி இரவு கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியதற்கே, தோஹா போக வேண்டிய விமானங்கள் எங்கெங்கோ இறக்கப்பட்டன.

அமெரிக்கா போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து நேர் விமானம் என்ற பேச்சே இல்லை. எங்கே இறங்கி ஏறுவது என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் மைத்துனரும் அவர் வீட்டம்மாவும் மகள் பிரசவத்துக்கு டல்லஸ் போனபோது, வளைகுடாவில் ஒரே இடத்தில் மாறி, அங்கிருந்து நேரே டல்லஸில் இறங்கும்படி போட்டோம். இன்னொரு டிக்கெட் பத்தாயிரம் குறைவாக இருந்தது. ஆனால் அது நியூயார்க்கில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுவது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை. பெட்டியையும் பொதுவாக அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஊறுகாய், பருப்புப் பொடி, குழந்தைக்கு வசம்பு என்று நாலு பெட்டியோடு ஆங்கிலம் தடுமாறும் இருவர் அங்கே அலைவதற்குப் பத்தாயிரம் மிச்சம் போதாது. விசாரித்தால், வசம்பையே அங்கே அனுமதிப்பார்களா என்பது வேறு கதை.

உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாலு மணி நேரத்துக்குமேல் அசையாமல் உட்கார்ந்து போனால் காலில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஆய்வு வெளியிட்டது. பயப்படும் அளவு இல்லை, சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். நடுவில் இறங்கி நடந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் குறுகிய நாட்களில் பல விமானம் ஏறினாலும் அபாயம் கூடும், அது நாலு வாரம் வரை நீடிக்கும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எந்த வழியில் போனாலும் எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும்தான் வழி. ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். இன்சுலின், மாத்திரை, மருத்துவர் சீட்டு மூன்றும் கைப்பையில். கீழே சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகவும் கூடும்.

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார்ச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவும் ஏற்றுக்கொண்டுள்ள 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமாகியிருந்தால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. உச்சவரம்புதான், எல்லோருக்கும் அவ்வளவு என்று அர்த்தமில்லை. பில் காட்ட வேண்டும். எங்களுக்குச் சட்டை, வேட்டி, பல்துலக்கும் சாமானுக்குப் பில் இருந்தது, பணம் வந்தது. அப்பளத்துக்கு நாங்களே எழுதிய பில்லை அவர்கள் ஏற்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது விமானம் நீண்ட நேரம் தாமதமானால், காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தது என்றால், எந்த நாட்டு நிறுவனமானாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிப்படி நஷ்டஈடு கேட்கலாம். நம் தூரத்துக்கு 600 யூரோ வரை. போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் அது செல்லும்.

2023 அனுகா அக்டோபர் 7-ஆம் தேதி ஆரம்பமானது. அதே மூன்று பேர். இந்த முறை சென்னையில் நள்ளிரவுக்குப் பின் ஏறிப் பத்து மணி நேரத்தில் ஃபிராங்க்பர்ட். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம். 2002-ல் திறந்த அதிவேகப் பாதையில் ஒரு மணி நேரத்தில் கொலோன் கண்காட்சி வாசலுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் வெள்ளிக்கிழமையே. மாதிரியைக் கைப்பையில் பாதி, பெட்டியில் பாதி என்று பிரித்து வைத்திருந்தோம்.

திரும்பும்போது அவசரமில்லை. அதனால் அதே டிக்கெட்டில் டெல்லி வழியாகப் போட்டு, இரண்டு நாள் அங்கே தங்கினோம். காரி பாவ்லி சந்தையில் ஏலக்காய், பாதாம் விலை விசாரித்தோம். போகும்போது நேர், வரும்போது இறங்கி ஏறுவது. இப்படி இரண்டு தனி ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் விலை கூடிவிடும். ஒரே நிறுவனத்தில் ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்ல வேண்டும். ஏஜென்ட் முதலில் முடியாது என்பார், இன்னொருமுறை கேட்டால் போட்டுத் தருவார்.

அந்த வியாபாரியைச் சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தோம். கன்டெய்னர் தரவில்லை. "பாதி போட்டுப் பாப்பம் ஐயா" என்றார். மற்றச் சரக்கோடு சேர்த்து ஏற்றும் பாதி லோடுதான், அதுவும் சுக்குக் காப்பிப் பொடியும் பனங்கற்கண்டும் மட்டும். அப்பளத்துக்கு அந்த 2019 ஆள்தான் இன்னும் அனுப்புகிறார். அண்ணாச்சி கொண்டுபோயிருந்த காரச்சேவுப் பொட்டலத்தை அன்று கார் ஓட்டிய பையனிடம் கொடுத்தார். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது.